மூன்றாவது நண்பன்: ராபர்ட் மூசிலின் ‘டோர்லெஸ்’ நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

விடுதிப் பள்ளி ஒன்றில் ஒரு பையன் சக மாணவனின் அலமாரியிலிருந்து பணம் திருடுகிறான். வேறொருவன் அதைக் கண்டுபிடித்துவிடுகிறான். கண்டுபிடித்தவன் நிர்வாகத்திடம் போய்ச் சொல்லவில்லை. பணத்தைப் பறிகொடுத்தவனிடமும் இன்னொரு சிநேகிதனிடமும் மட்டும் சொல்கிறான். மூவரும் கூடிப் பேசி, திருடியவனைக் காட்டிக்கொடுக்காமல் தங்களுக்கென்று வைத்துக்கொள்வதாக முடிவு செய்கிறார்கள். ‘வைத்துக்கொள்வது’ என்ற சொல்லுக்கு நம் பேச்சில் என்னென்ன அர்த்தம் உண்டோ அத்தனையும் இங்கே பொருந்தும். இரவில் அவனைக் கூரைக்கடியில் இருக்கும் பரண் அறைக்கு வரச் சொல்கிறார்கள். அடிக்கிறார்கள். அவனுடைய உடலைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அவனை வைத்துப் பரிசோதனை செய்கிறார்கள். பகலில் நால்வரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்.

ராபர்ட் மூசில் 1906-இல் வெளியிட்ட முதல் நாவலின் கதை இவ்வளவுதான். ‘மாணவன் டோர்லெஸின் குழப்பங்கள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். இதை உளவியல் திகில் கதை என்று சொன்னால் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். வாசிக்கிறபோது வயிற்றில் ஏற்படுகிற இறுக்கம் திகில் கதையுடையதுதான். ஆனால் வழக்கமான திகில் கதையில் யார் செய்தது என்ற கேள்வி கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும். இங்கே திருடியவன் பாசினி என்பதும், அவனை வதைப்பவர்கள் ரைட்டிங், பைனபெர்க் என்ற இருவர் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. (ரைட்டிங் என்பது ஜெர்மன் குடும்பப் பெயர். எழுத்து என்ற ஆங்கிலச் சொல்லோடு சேர்த்து நம்மாட்கள் கட்டுடைக்கக் கிளம்பிவிட வேண்டாம்.) மிச்சமிருப்பவன் மூன்றாவது நண்பன், டோர்லெஸ். அவன் என்ன செய்யப் போகிறான் என்பதில்தான் பிரதியின் முழு இறுக்கமும் இருக்கிறது. அவனோ கடைசிவரை கிட்டத்தட்ட ஒன்றுமே செய்வதில்லை. பார்க்கிறான், யோசிக்கிறான், கேள்வி கேட்கிறான். இந்த நட்பில் உண்மையிலேயே அபாயமானவன் இவன்தான் என்பது என் வாசிப்பு.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூசில் 1880-இல் ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் பிறந்தவர். பெற்றோர் அவரைச் சிறுவயதிலேயே ராணுவ விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். முதலில் ஐசன்ஸ்டாட், பிறகு 1894 முதல் 1897 வரை மொராவியாவில் உள்ள மேரிஷ் வைஸ்கிர்ஹென். இன்று செக் நாட்டில் ஹ்ரானிட்சே என்று அந்த ஊருக்குப் பெயர். கவிஞர் ரில்கேயும் மூசிலுக்குச் சில ஆண்டுகள் முன்பு இதே பள்ளியில் கிடந்து அவதிப்பட்டவர்தான். ஹாப்ஸ்பர்க் பேரரசு தன் அதிகாரிகளை உற்பத்தி செய்துகொண்ட இடங்கள் இவை. நாவலில் வரும் பள்ளிக்கு ‘டபிள்யூ’ என்று முதலெழுத்து மட்டுமே உண்டு. ரஷ்யாவுக்குப் போகும் ரயில்பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன், புழுதி படிந்த மரங்கள், பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பும் பெற்றோர் என்று நாவல் தொடங்குகிறது. நல்ல குடும்பத்துப் பையன்கள் நல்ல பழக்கங்களோடு வளரவேண்டும் என்பதற்காகத்தான் ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில் பள்ளியை வைத்திருக்கிறார்களாம்.

ஃபூக்கோவைப் படித்துவிட்டு இந்த நாவலுக்கு வருகிறவர்கள், விடுதி என்றதும் கண்காணிப்பு, ஒழுங்கு, உடல்களைப் பழக்கப்படுத்தல் என்று தேட ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். கிடைக்கவில்லை. ஆசிரியர்கள் நாவலில் வெறும் நிழல்கள். யாரும் யாரையும் கண்காணிப்பதாகத் தெரியவில்லை. நிறுவனம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற இடத்தில் பையன்கள் தாங்களே ஒரு நிறுவனத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். பரண் அறையின் சுவர்களில் ரத்தச் சிவப்பு நிறக் கொடித்துணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு விளக்கு இருக்கிறது. குண்டு போட்ட ரிவால்வர் ஒன்று இருக்கிறது. யாராவது வந்தால் தெரிவதற்கு எச்சரிக்கை ஏற்பாடும் உண்டு. கீழே பேரரசின் பள்ளிக்கூடம் நடக்கிறது. அங்கே கற்றுக்கொடுக்காமல் விட்ட பாடம் மேலே நடக்கிறது.

டோர்லெஸ் இவர்களோடு எப்படிச் சேர்ந்தான் என்பதை மூசில் கவனமாகச் சொல்கிறார். விமர்சகர்கள் அவசரமாகத் தாண்டிப்போகிற பகுதி இது. பள்ளிக்கு வந்த புதிதில் அவன் வீட்டை நினைத்து ஏங்குகிறான். தினமும் கடிதம் எழுதுகிறான். பிறகு அந்த ஏக்கம் வற்றிப்போகிறது, உள்ளே ஒரு காலியிடம் மிஞ்சுகிறது. அப்போது இளவரசன் ஒருவன் பள்ளியில் சேர்கிறான். பழைய பிரபுக் குடும்பம், மென்மையானவன், பக்தி உள்ளவன். இருவருக்கும் சிநேகம் உண்டாகிறது. அந்தப் பையனோடு இருக்கிறபோது டோர்லெஸுக்கு வேறு ஒரு வகை மனிதனைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற சந்தோஷம் கிடைக்கிறது. ஒருநாள் மதத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. டோர்லெஸின் மூளை அவன் கையை மீறி வேலை செய்யத் தொடங்குகிறது. இளவரசனின் நம்பிக்கையை வாதத்தால் அடித்து நொறுக்குகிறான். நட்பு முறிகிறது. கொஞ்ச நாளில் இளவரசன் பள்ளியைவிட்டே போய்விடுகிறான். தான் செய்தது அநியாயம் என்று டோர்லெஸுக்கு மங்கலாகத் தெரிகிறது. ஆனாலும் செய்துவிட்டான்.

பகுத்தறிவு மரபில் வந்த நமக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தும். கடவுள் இல்லை என்று சொன்னது தப்பா என்று கேட்போம். மூசில் அதைச் சொல்லவில்லை. எதிரில் இருப்பவனுடைய நம்பிக்கை சரியா தப்பா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. அவனைவிடத் தனக்கு மூளை அதிகம் என்பதைச் சோதித்துப் பார்க்க டோர்லெஸுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பாசினிக்கு முன்பே ஒரு பாசினி இருந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தடவை ரத்தம் வரவில்லை.

இதற்குப் பிறகுதான் அவன் வகுப்பின் முரடர்களை அண்டுகிறான். ரைட்டிங்குக்கு அரசியல் ஆசை. மனிதர்களை ஒருவருக்கெதிராக ஒருவரைத் திருப்பிவிடுவது, ஒருவனைச் சிறுகச் சிறுகத் தனிமைப்படுத்தி வீழ்த்துவது எல்லாம் அவனுக்கு விளையாட்டு, எதிர்காலத்துக்கான பயிற்சியும்கூட. பைனபெர்க் வேறு ரகம். அவனுடைய அப்பா இளம் அதிகாரியாக ஆங்கிலேயர் சேவையில் இந்தியாவில் இருந்தவர். அங்கிருந்து கைவினைப் பொருள்களோடும் சிலைகளோடும் ‘மறைஞான பௌத்தம்’ என்று அன்று ஐரோப்பாவில் உலவிய சரக்கில் கொஞ்சத்தையும் கொண்டு வந்திருந்தார். மகன் அதை உள்வாங்கிக்கொண்டு, ஆன்மா, தியாகம், உலகப் பேரான்மா என்றெல்லாம் பேசுகிறான். பாசினி போன்ற ஒருவன் பிரபஞ்சத்தில் தற்செயலாக வந்து விழுந்தவன், அவனை வதைப்பதால் எதுவும் குறைந்துவிடாது, தனக்குள் இருக்கும் இரக்கத்தைக் கொல்வதுதான் உண்மையான தவம் என்பது அவன் சித்தாந்தம்.

இந்த இடத்தில் கதை நம் ஊர்ப்பக்கம் ஒரு கணம் வந்துபோகிறது. ‘மறைஞான பௌத்தம்’ என்பது சின்னெட் 1883-இல் எழுதிய நூலின் பெயர். அவர் அலகாபாத்தில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், தியசாபிகல் சொசைட்டிக்காரர். அந்தச் சங்கத்தின் தலைமையகம் 1882-இலிருந்து சென்னை அடையாறு. அதே அடையாற்றிலிருந்த ஆல்காட்டின் உதவியோடுதான் 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று தீட்சை பெற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஒடுக்கப்பட்டவர்கள் மனிதர்களாக நிமிர்ந்து நிற்பதற்காக இங்கே கையில் எடுத்த பௌத்தம், கப்பலேறி ஐரோப்பாவின் பரண் அறைக்குப் போனபோது இன்னொருவனை மனிதனில்லை என்று சொல்வதற்குப் பயன்பட்டிருக்கிறது. கருத்துகளுக்குத் தனியாகக் கைகால் கிடையாது, எடுத்தவன் கைதான் என்று பழைய மார்க்சியத் தோழர்கள் சொல்வார்கள். பைனபெர்க் விஷயத்தில் அது சரி.

இந்த இருவரும் நமக்கு உடனே புரிந்துவிடுகிறார்கள். ஒருவனுக்கு அதிகாரம் வேண்டும், இன்னொருவனுக்குச் சித்தாந்தம் வேண்டும். டோர்லெஸுக்கு என்ன வேண்டும்? ஆரம்பத்தில், திருடனைப் பள்ளியைவிட்டு அனுப்பவேண்டும் என்று சொன்னது அவன்தான். வீட்டுக்கும் எழுதுகிறான். பெற்றோர் நிதானமாகப் பதில் போடுகிறார்கள்: பாவம், திருந்துவதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாமே. அந்தப் பதில் அவனுக்குச் சப்பென்று இருக்கிறது. நல்லவர்களுடைய நல்ல வார்த்தை அவனுக்குள் நடப்பதைத் தொடவே இல்லை.

அவனுக்கு வேண்டியது விளக்கம். பாசினி நேற்றுவரை எல்லோரையும் போல இருந்தான். இன்று அவன் அடிமை. இடையில் என்ன நடந்தது? அவமானப்படும் அந்தக் கணத்தில் உள்ளே ஏதாவது உடைகிறதா, படம் கிழிகிற மாதிரி ஏதாவது தெரிகிறதா? இதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறான். பரண் அறையில் மற்ற இருவரும் பாசினியை அடிக்கிறபோது டோர்லெஸ் கை வைப்பதில்லை. பாசினியைப் பார்த்து, நான் திருடன் என்று உன் வாயால் சொல் என்கிறான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வரும்போது என்ன ஆகிறது என்று அவனுக்குப் பார்க்க வேண்டும். பிறகு தனியாக அகப்படும்போது துருவித்துருவிக் கேட்கிறான். பாசினி தரும் பதில் நாவலிலேயே ஆக எளிமையானது: என் இடத்தில் இருந்தால் நீயும் இதையேதான் செய்திருப்பாய். டோர்லெஸுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. அவன் எதிர்பார்த்தது ஓர் ஆழம், ஒரு ரகசியம். கிடைத்தது, பயந்துபோன ஒரு பையனின் சாதாரண உண்மை. அந்த உண்மையைக் கேட்டிருந்தால் விசாரணை அங்கேயே முடிந்திருக்கும்.

கேட்கவில்லை. அதற்குப் பதில் கணிதத்துக்குப் போகிறான். நாவலின் புகழ்பெற்ற பகுதி இது, கொஞ்சம் விளக்க வேண்டும். எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினால் விடை எதிர்மறையாக வராது. ஆகவே கழித்தல் ஒன்றின் வர்க்கமூலம் என்று ஒரு எண் இருக்க முடியாது. இல்லாத அந்த எண்ணைக் கற்பனை எண் என்று பெயர் வைத்துக் கணிதம் பயன்படுத்துகிறது. டோர்லெஸைப் படுத்தியெடுப்பது அதன் வினோதம். கணக்கின் தொடக்கத்தில் கெட்டியான எண்கள், அளக்கவும் நிறுக்கவும் கூடியவை. முடிவிலும் அப்படியே. நடுவில் மட்டும் இல்லாத ஒன்று. முதல் தூணும் கடைசித் தூணும் மட்டும் உள்ள பாலத்தின்மேல், நடுவே முழுசாகத் தூண்கள் நிற்பதுபோல நடந்து அக்கரை சேர்ந்துவிடுகிறோமே, இது எப்படி என்று கேட்கிறான். கணித ஆசிரியரின் அறைக்கே போய்க் கேட்கிறான். அவர் தடுமாறுகிறார். மேசைமேல் கிடந்த கான்ட் நூலைக் காட்டி, இப்போதைக்கு நம்பிக்கொள் தம்பி என்கிற மாதிரி சொல்லி அனுப்புகிறார். பையன் மலிவுப் பதிப்பில் கான்ட்டை வாங்கிப் படித்து வியர்த்துக் கொட்டுகிறான். (கான்ட்டைப் புரிந்துகொண்டவர்கள்போல் எழுதுகிற நம் நண்பர்கள் சிலரைவிட இந்தப் பையன் நேர்மையானவன்.)

மூசில் பொறியியல் படித்தவர், இயந்திரங்களோடு பழகியவர். ஸ்டுட்கார்ட்டில் உதவியாளராக இருந்தபோது சலிப்பில் இந்த நாவலைத் தொடங்கினார். பிறகு பெர்லினில் தத்துவமும் உளவியலும் பயின்று, எர்ன்ஸ்ட் மாஹ் பற்றி 1908-இல் ஆய்வேடு கொடுத்தார். லெனின் 1909-இல் சாடுசாடென்று சாடிய அதே மாஹ்தான். ‘நான்’ என்பது நிலையான பொருள் அல்ல, உணர்வுகளின் தற்காலிகக் கூட்டு என்றவர் அவர். அந்தக் கருத்தின் நிழல் நாவலில் உண்டு. நேற்றைய பாசினிக்கும் இன்றைய பாசினிக்கும் நடுவில் சுவர் ஏதும் இல்லை என்ற திகைப்பும், வெளிச்சமான பகல் உலகத்துக்கும் இருட்டான இன்னொன்றுக்கும் நடுவில் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிறது என்ற பயமும் அங்கிருந்து வருபவை.

விமர்சகர்கள் பலர் கற்பனை எண்ணை இந்த இருட்டுலகின் குறியீடாக வாசிப்பார்கள். மொழிக்குள் சிக்காதது, பகுத்தறிவு தாண்டியது என்றெல்லாம் சொல்வார்கள். சரிதான், மூசிலே அதற்கு இடம் தருகிறார். ஆனால் பாலத்தை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தொடக்கத்தில் நல்ல குடும்பத்துப் பையன். முடிவில் பண்பட்ட, நுண்ணுணர்வுள்ள மனிதன். இரண்டும் கெட்டியான எண்கள். நடுவில் என்ன இருந்தது? பாசினி இருந்தான். டோர்லெஸ் அவன்மேல்தான் நடந்து அக்கரை போனான். நடந்து முடிந்ததும் அங்கே தூண் ஏதும் இருக்கவில்லை, பாலம் தானாகவே நின்றது என்று கணக்கு எழுதப்படுகிறது. இது என் சொந்தச் சரக்கில்லை. மூசில் நாவலின் நடுவிலேயே கதையை நிறுத்தி, பிற்காலத்து டோர்லெஸைக் காட்டுகிறார். அவன் அழகியல் ஈடுபாடு உள்ளவனாக, அறிவாளியாக வளர்ந்திருக்கிறான். அந்தப் பழைய சம்பவத்துக்காக வெட்கமில்லையா என்று கேட்டால், இழிவுதான், ஆனால் அதிலிருந்து ஒரு சொட்டு விஷம் உள்ளே தங்கியது, ஆன்மாவின் மெத்தனமான ஆரோக்கியத்தைக் குலைக்க அது தேவை என்கிற பொருளில் பதில் சொல்கிறான். நாவலில் என்னை நிஜமாகவே நடுங்கவைத்தது பரண் அறை அல்ல, இந்தப் பதில். ஒருவனுடைய முதுகுத் தோல் இன்னொருவனுக்கு மருந்தாகியிருக்கிறது, மருந்து உண்டவன் அதைச் சுவையோடு நினைவுகூர்கிறான்.

நடுவில் நான்கு நாள் விடுமுறை ஒன்று வருகிறது. மற்றவர்கள் ஊருக்குப் போக, டோர்லெஸும் பாசினியும் தங்கிவிடுகிறார்கள். இருவருக்கும் உடலுறவு ஏற்படுகிறது. ஃப்ராய்டின் பாலியல் கட்டுரைகள் 1905-இல்தான் வந்தன என்பதை நினைத்தால் 1906-இல் இதை எழுதியது எவ்வளவு துணிச்சல் என்று தெரியும். ஆண்களுக்கிடையிலான இச்சையை ‘வக்கிரம்’ என்று ஒதுக்கிவிட்டு நாவலைக் காப்பாற்ற நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த நாள்களில் பாசினியிடம் டோர்லெஸுக்கு ஒரு கணம் நிஜமான கனிவு சுரக்கிறது. நாவல் முழுவதிலும் பாசினி ஓர் ஆளாகத் தெரிகிற இடம் அது ஒன்றுதான். வெட்கப்பட வேண்டியது அடுத்து நடப்பதற்கு. மற்றவர்கள் திரும்பி வந்ததும் டோர்லெஸ் அந்தக் கனிவை அசிங்கம் என்று உதறிவிடுகிறான். மறுபடி பாசினி ஒரு பிரச்சினையாக, ஒரு உதாரணமாக ஆகிவிடுகிறான். ஊரோரத்தில் இருக்கும் விலைமகள் பொஷேனாவிடமும் இதே கதைதான். அவளைப் பார்க்கும்போது தன் அம்மா நினைவுக்கு வருவது டோர்லெஸைக் கலக்குகிறது. அவள் யார், வீட்டு வேலைக்காரியாக இருந்தவள் இந்த இடத்துக்கு எப்படி வந்தாள் என்பதில் அவனுக்கு அக்கறை கிடையாது.

வதை முற்றுகிறது. பைனபெர்க் பாசினியை வசியத் தூக்கத்தில் ஆழ்த்தி ஆன்மாவைத் தனியே பிரித்துப் பார்க்க முயன்று தோற்கிறான். தோற்ற ஆத்திரத்தில் அடிக்கிறான். டோர்லெஸ் விலகிக்கொள்கிறான். எதற்காக விலகுகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் செய்வது அநியாயம் என்று அவன் சொல்லவில்லை. சிந்தனையே இல்லாத அருவருப்பான வதை என்கிறான். அவனுக்குத் தெரிந்துகொள்ள அதில் இனி எதுவுமில்லை, சலித்துவிட்டது. மற்ற இருவரும் அவனையும் மிரட்டுகிறார்கள். பாசினியை வகுப்பு முழுவதற்கும் இரையாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், நீயே போய் ஒப்புக்கொண்டுவிடு என்று பாசினிக்குச் சீட்டு எழுதி எச்சரிக்கிறான். நாவலில் அவன் செய்த ஒரே காரியம் இதுதான். இதற்கு மதிப்பில்லை என்று சொல்லமாட்டேன். வகுப்பு வெறிபிடித்துப் பாசினியைப் பந்தாடிய மறுநாள் அவனைக் காப்பாற்றியது அந்தச் சீட்டுதான். ஆனால் அதில்கூடப் போய்ச் சொல்ல வேண்டியவன் பாசினிதான்.

விசாரணை நடக்கிறது. ரைட்டிங்கும் பைனபெர்க்கும் அற்புதமாக நடிக்கிறார்கள், மொத்த வகுப்பும் ஒரே குரலில் அவர்களுக்குச் சாட்சி சொல்கிறது. இடையில் ஓடிப்போய்ப் பிடிபட்ட டோர்லெஸ் ஆசிரியர்கள் முன்னால் நீண்ட உரை நிகழ்த்துகிறான். உயிருள்ள எண்ணங்கள், செத்த எண்ணங்கள், பொருள்களுக்குள் இன்னொரு பொருள், இப்படி. பாதிரியார் அதில் மத உணர்வைக் கண்டு மகிழ்கிறார். கணித வாத்தியார் கற்பனை எண் பற்றி இவன் கேட்டதை நினைவுகூர்கிறார். சிரிப்பு வரும், ஆனால் அந்த உரையில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். பாசினி எங்கே? அடித்தது யார், எத்தனை நாள், என்ன செய்தார்கள்? ஒன்றும் இல்லை. இவ்வளவு நுட்பமாகப் பேசத் தெரிந்தவன் ஒரு சாட்சியம் சொல்லவில்லை. இந்தப் பையனுக்கு நரம்பு உணர்ச்சி அதிகம், தனியாகப் படிக்கவைப்பது நல்லது என்று நிர்வாகம் முடிவெடுக்கிறது.

1930-களில், ஐரோப்பா எங்கே போகிறதென்று தெரிந்துவிட்ட பிறகு, மூசில் தன் குறிப்பேட்டில் ரைட்டிங்கையும் பைனபெர்க்கையும் அன்றைய சர்வாதிகாரிகளின் கருவாக அடையாளம் கண்டார். 1938-க்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்து, 1942-இல் ஜெனீவாவில் இறந்தார். போருக்குப் பின் இந்த நாவலை நாஜிசத்தின் முன்னறிவிப்பாக வாசிப்பது வழக்கமாகிவிட்டது. 1966-இல் ஃபோல்கர் ஷ்லோண்டார்ஃப் தன் முதல் முழுநீளப் படமாக இதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது அந்த வாசிப்புதான் படத்தின் முதுகெலும்பு. உடற்பயிற்சிக் கூடத்தில் பாசினியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வகுப்பே கூச்சலிடும் காட்சியை யாரும் மறக்க முடியாது. அப்பன்மார்கள் என்ன செய்தார்கள் என்று மகன்கள் கேட்கத் தொடங்கியிருந்த நேரம் அது. படத்துக்கு ஓர் அவசியம் இருந்தது.

இருந்தாலும் எனக்கு ஒரு குறை உண்டு. படத்தின் டோர்லெஸ் கடைசியில், சாதாரண மனிதர்களும் பயங்கரங்களைச் செய்யக்கூடும், நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்கிற பாடத்தைக் கற்றவனாகப் பேசுகிறான். நாவலின் டோர்லெஸ் அப்படி எதையும் கற்கவில்லை, தன்னைப் பற்றி மட்டுமே பேசுகிறான். ஷ்லோண்டார்ஃப் அவனுக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துவிட்டார். சர்வாதிகாரிகளை அடையாளம் காட்டுவது சுலபம். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களை ஒரு ‘நிகழ்வாக’ ரசித்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வியை மூசிலின் குறிப்பும் தொடவில்லை. ரைட்டிங், பைனபெர்க் என்று இரண்டு பெயரை எழுதியவர் மூன்றாவது பெயரை எழுதவில்லை. அந்த மூன்றாவது பெயரில் அவருடைய சாயலும் இருந்தது.

வர்கஸ் யோசாவின் முதல் நாவலில் (1963, லிமா நகர ராணுவப் பள்ளியைப் பற்றியது) இதற்கு மாறான ஒருவன் வருகிறான். ஆல்பெர்ட்டோ என்று பெயர், பட்டப்பெயர் கவிஞன். காசுக்குக் காதல் கடிதமும் ஆபாசக் கதையும் எழுதித் தருபவன். ‘அடிமை’ என்று எல்லோரும் அழைத்த அவனுடைய நண்பன் துப்பாக்கிச் சூட்டில் சாகும்போது, இவன் போய்ப் புகார் சொல்கிறான். நீ எழுதிய ஆபாசக் கதைகளை வெளியே விடுவோம் என்று மேலதிகாரி மிரட்டியதும் பின்வாங்குகிறான். அற்பமான தோல்விதான். ஆனால் அவன் வாய் ஒருமுறை திறந்தது. டோர்லெஸின் ஆழத்தைவிட இந்த அற்பத்தின்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

நான் யாரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்பீர்கள். நானும் விடுதியில் படித்தவன்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் ஒருத்தன் டிரங்குப் பெட்டியிலிருந்து பத்து ரூபாய் காணாமல் போனது. எடுத்தவன் யாரென்று முடிவு செய்ய எங்களுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. எவனிடம் பெட்டியே கிடையாதோ, எவன் துணிகளை உரச்சாக்கில் வைத்திருந்தானோ, அவன்தான். மூன்று ராத்திரி நடந்தது. நான் அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வயதில் அதைக் கதையாக எழுதி ஒரு சிற்றிதழில் வெளியிட்டேன். அவமானத்தின் மௌனத்தை நான் பிடித்திருக்கும் விதம் பற்றி நண்பர்கள் கடிதம் போட்டார்கள். பெயரை மாற்றியிருந்தேன், அதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். கதையில் பணத்தை அவன்தான் எடுத்திருந்தான். நிஜத்தில் அவன் எடுத்தானா என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கதைக்கு அது தேவைப்பட்டது, அப்படி எழுதினேன்.

யாருடைய வலியை யார் எழுதுவது என்று தொண்ணூறுகளில் நம் பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது. பிறப்பா, அனுபவமா, பரிவா என்று அதில் பேசினோம். எழுதியவன் அன்றைக்கு அந்த அறையில் எந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

மூசில் தன் பாத்திரத்திடம் கடைசிவரை கேட்காமல் விட்டதற்கும் நாவலில் ஒரு தடயம் இருக்கிறது. கடைசிக் காட்சியில் டோர்லெஸை அழைத்துப்போக அம்மா வருகிறாள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பொஷேனாவின் வீடு இருக்கும் தோப்பைக் கடக்கிறார்கள். அம்மாவின் இடுப்புப் பக்கமிருந்து எழும் மெல்லிய வாசனையை அவன் முகர்ந்து பார்ப்பதோடு நாவல் முடிகிறது. பாசினிக்கும் ஓர் அம்மா உண்டு. விதவை, வசதியில்லாதவள் என்று நாவலில் ஓர் இடத்தில் வருகிறது. அவன் பள்ளியைவிட்டு நீக்கப்பட்ட செய்தியை மூசில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். அடுத்த வாக்கியத்தில் பள்ளிக்கூடம் வழக்கம்போல் நடக்கிறது.